பேர் சொல்லும் கண்டக்டர்

புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் வழியாகத் திருச்சி போகிற ஒரு தனியார் பேருந்தில், ஆண் குழந்தைக்கு நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள் என்று கண்டக்டரிடம் கேட்டால் அவர் உடனே சொல்லிவிட மாட்டார். முதலில் நட்சத்திரம் கேட்பார். ஜோசியர் என்ன எழுத்து கொடுத்திருக்கிறார் என்று கேட்பார். மாமியார் எப்படிப்பட்டவர் என்றும் கேட்பார். அதற்கப்புறம்தான் தோல்பையின் உள்ளறையிலிருந்து நோட்டு வெளியே வரும். எழுநூற்றுச் சொச்சம் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே அர்த்தம். இருபது வருஷச் சேகரம் அது. கீரனூர்ப் பக்கம் இன்று பள்ளிக்கூடம் போகிற பையன்களில் ஒரு வகுப்பு நிறைகிற அளவுக்காவது அவர் பெயர் வைத்திருப்பார்.

அப்படிப்பட்ட மனிதரின் பெயர் மூக்கன்.

சிரிப்பு வருகிறதா, வரட்டும். ஐம்பத்தெட்டு வருஷமாக எல்லோருக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வங்கியில் பெயரைக் கூப்பிட்டால், அவர் கவுண்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அவர் மூக்கைப் பார்த்து முடித்துவிடுவார்கள். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் சப்பையான, சாதுவான மூக்கு. ஒருமுறை வாகனச் சோதனையில் போலீஸ்காரர், பட்டப்பெயரைக் கேட்கவில்லை, நிஜப் பெயரைச் சொல் என்று அதட்டினார். மகன் நாகராசு ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு போனதில், அங்கே அவனை எல்லோரும் ‘மிஸ்டர் மூக்கன்’ என்றே கூப்பிடுகிறார்கள். கடல் தாண்டியும் இந்தப் பெயர் போய் உட்கார்ந்துவிட்டதே என்று மூக்கனுக்கு ஆறவே இல்லை.

பெயர் வந்த கதை ஊரறிந்ததுதான். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும், இவருடைய ஆத்தா சின்னப்பிள்ளை பச்சைக் குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டி எடுத்தாள். வலது மூக்கைக் குத்திச் செம்புக் கம்பி மாட்டினாள். மூக்கன் என்று பெயர் வைத்தாள். அழகான பெயர் வைத்தால் அருமையான பிள்ளை என்று எமனுக்குத் தெரிந்துவிடும். குப்பையில் கிடந்தது, மூக்கில் ஓட்டை போட்டது, வீட்டுக்கு வேண்டாதது என்றால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். எமன் ஏமாந்தானோ என்னவோ, மூக்கன் பிழைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று கம்பியைக் கழற்றினார்கள். அதற்குள் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

ஊரில் இருக்கிறவன் பெயருக்கெல்லாம் வெற்றி, வீரம், வெளிச்சம் என்று அர்த்தம் இருக்க, தன் பெயருக்கு மட்டும் ‘வேண்டாதவன்’ என்று அர்த்தமா என்று ஆத்தாள் மேல் அவருக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் அது போகவில்லை.

நோட்டு ஆரம்பித்ததுகூட அந்த வருத்தத்தில்தான். மாத்தூரில் ஏறிய ஒரு பெண்ணின் மடியில் மூன்று மாதக் குழந்தை. பெயர் என்ன என்று கேட்டார். முகிலன் என்றாள். மேகம் என்று அர்த்தமாம். மேகத்தைக்கூடப் பிள்ளைக்குப் பெயராக வைக்கலாம் என்பது மூக்கனுக்கு அன்றுதான் தெரிந்தது. திருச்சியில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்கினார்.

செல்போனில் பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதில் எந்தப் பெயரை அமுக்கினாலும் ‘கடவுளின் பரிசு’ என்று வரும், இல்லாவிட்டால் ‘வெற்றி பெறுபவன்’ என்று வரும். வாயில் நுழையாத ஒன்றைக் காட்டி, சூரியன் என்று அர்த்தமாம் அண்ணே என்றால், ஆதவன், கதிரவன், பரிதி என்று நம்முடைய சூரியனெல்லாம் எந்த ஊருக்கு ஓடிப்போய்விட்டது என்று கேட்பார். எழுத்தும் அர்த்தமும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, கடைசியாக ஒரு பரீட்சை இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்படியில் நின்று அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். ஓட்டுநர் பீட்டர் காதில் விழுந்து அவர் தலையை ஆட்டினால் பெயர் தேறிவிட்டது. செழியன் தேறியது. வளவன் தேறியது. தெருவில் விளையாடுகிற பிள்ளையைத் தாய் வாசலிலிருந்து கூப்பிட வேண்டாமா, காற்றில் கரைகிற பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மூக்கன் கட்சி. பீட்டருக்கு ஆவூர். எங்கள் ஊரில் இந்தத் தொல்லையே கிடையாது, அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அவர் பெயரை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம் என்று அவர் சிரிப்பார்.

மருமகள் ஹரிணி உண்டானபோது அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தாள். பெண் பிறந்தால் தன்னுடைய செத்துப்போன அம்மா பெயர், பையன் என்றால் துருவன் என்று சொல்லிவிட்டாள். வடக்கே இடம் பெயராமல் நிற்கிற நட்சத்திரம். நிலைத்து நிற்பவன் என்று அர்த்தம். மூக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பின்படியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். பீட்டர் தலையை மட்டுமல்ல, கையையும் தூக்கினார்.

அமராவதிதான் குறுக்கே நின்றாள். மூக்கனின் மனைவி. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைக்க வேண்டும், அதைச் சுமக்கிறவன் என்பதால்தானே பேரன் என்கிறோம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டு டொக்கென்று வைக்கப்பட்டது.

“ஒங்க பேரு ஒங்களோட முடிஞ்சு போறதுக்கா நான் புள்ள பெத்தேன்?” என்று கேட்டாள்.

“முடிஞ்சு போகட்டும். நான் பட்டது போதும். அந்தப் பச்சப்புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார் மூக்கன்.

ஹரிணியிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். என்ன வந்தாலும் உன் பிள்ளைக்கு இந்தப் பெயர் வராது, அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு உறுதியாக நின்ற விஷயம் வேறு எதுவும் இல்லை.

எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே ஹரிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி, புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பையன். ஒரு கிலோ முந்நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, காலில் ‘ஹரிணியின் குழந்தை’ என்று எழுதி ஒட்டினார்கள். பத்து நாளாகியும் எடை ஏறவில்லை. இனி உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும், பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக யாராவது தினமும் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்றார் நர்ஸ் காவ்யா. ஹரிணிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல், உட்காரவே முடியவில்லை. அமராவதிக்கு இருமல், உள்ளே விட மாட்டார்கள். நாகராசுவுக்கு லீவு கிடைக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். காவ்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்கன் பக்கம் திரும்பினார்.

“அப்ப தாத்தா, நீங்க சட்டையக் கழட்டுங்க.”

முப்பத்தைந்து வருஷமாகக் காக்கிச் சட்டையைப் பொது இடத்தில் கழற்றாத மனிதர், அத்தனை தாய்மார்கள் இருக்கிற அறையில் கூச்சத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். தொப்பியும் சாக்ஸும் போட்ட அந்தச் சின்ன உடம்பை அவர் நெஞ்சில் குப்புறக் கிடத்தித் துணியால் கட்டினார்கள். டிக்கெட் கட்டு அளவுக்குக்கூட கனம் இல்லை. பேசிக்கொண்டே இருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், குரல் பழகட்டும் என்றார் காவ்யா. இந்த மாதிரிக் குழந்தைகள் சில நேரம் மூச்சு விட மறந்துபோகும், அப்படி ஆனால் உள்ளங்காலைச் சுண்டிவிட்டு உடனே என்னைக் கூப்பிடுங்கள் என்றும் சொல்லிவைத்தார்.

மூக்கன் துருவா, துருவா என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்தார். அதற்கு மேல் கைக்குழந்தையிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்ததைத்தானே பேச முடியும். நோட்டில் இருந்ததை ஒன்றாம் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஆதவன், சூரியன். இனியன், இனிமையானவன். நிலவன், நிலாவைப் போன்றவன். செழியன், பாண்டியன். ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற அதே ராகம். பக்கத்து நாற்காலிகளில் பிள்ளையை வைத்திருந்த பெண்கள் முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள், அண்ணே அந்த ‘இ’வில் வந்ததை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்கள். அந்த அறையிலிருந்து இரண்டு பேர் இனியனோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம். ‘வ’ வரிசையில் வளவனைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்கு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது நின்றுபோனதை மூக்கன் உணர்ந்தார். குனிந்து பார்த்தார். பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது. எழுநூறு பெயரும் எங்கே போயின என்று தெரியவில்லை. துருவனும் போய்விட்டான். உள்ளங்காலைச் சுண்டினார். வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

“டேய் மூக்கா. மூச்சு விடுடா. மூக்கா, டேய், மூச்சு விடுடா மூக்கா.”

காவ்யா ஓடி வந்தார். அவர் கை வைப்பதற்குள் பிள்ளை முகத்தைச் சுளித்து, ஒரு சின்ன இழுப்பு இழுத்து, பூனைக்குட்டி மாதிரி அழுதது. எல்லாம் சேர்ந்து பத்து நொடிகூட ஆகியிருக்காது. மூக்கனுக்கு ஒரு யுகம் போல இருந்தது. காவ்யா எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, ஒன்றும் பயமில்லை, எடை ஏற ஏறத் தன்னால் சரியாகிவிடும் என்றார்.

மூக்கனுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. பிள்ளைக்காக மட்டும் இல்லை. மூன்று தடவை இப்படி நெஞ்சில் வைத்துக் கூப்பிட்டு, மூன்று தடவையும் பதில் வராமல் போன ஆத்தா நாலாவது தடவை என்ன செய்வாள் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. போகாதே என்று சொல்ல அவளுக்குக் கிடைத்த பெயர் அது. அதைப் போய் வேண்டாதவன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று, சட்டை இல்லாமல், அத்தனை பேர் பார்க்க, குலுங்கி அழுதார்.

பிள்ளை பிழைத்தது சுண்டியதால்தான், பெயரால் இல்லை தாத்தா என்று காவ்யா பிறகு பொறுமையாக விளக்கினார். மூக்கன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு மறுநாளிலிருந்து மூக்கா என்றே கூப்பிட்டார்.

எடை ஏறத் தொடங்கியது. ஹரிணி காய்ச்சல் விட்டு எழுந்து உள்ளே வந்தாள். கொடுத்த வாக்கை எப்படி மீறுவது என்று மூக்கன் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, துருவன் என்பது நல்ல பெயர்தான், ஆனாலும் என்று ஆரம்பித்தார்.

“மாமா, உள்ள இருக்குற நர்ஸுங்க அத்தன பேரும் ஒரு வாரமா மூக்கன் பால் குடிச்சானா, மூக்கன் தூங்குனானான்னுதான் கேக்குறாங்க. நானே அப்படித்தான் கூப்பிடுறேன். சர்ட்டிஃபிகேட்ல துருவன்னு இருக்கட்டும். வீட்டுல மூக்கன்” என்றாள் ஹரிணி.

நாகராசு வீடியோவில் இதைக் கேட்டுவிட்டு, ஷார்ஜாவில் இருப்பது இரண்டாவது மூக்கன், இவன் மூன்றாவதா என்று சிரித்தான்.

இருபத்தாறாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தது. வழக்கை ஜெயித்த அமராவதியைப் பார்க்க வேண்டுமே. தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள், அதாவது அவங்க பேருதான், அவங்க பேருதான் என்று சொன்னாள். அதற்கப்புறம்தான் சங்கடம் புரிந்தது. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் வாயால் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவாள். அந்தப் பெயருக்காக மல்லுக்கட்டியவள், அதை வைத்துப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்கவே இல்லை. இரண்டு நாள் ராசா, தங்கம் என்று ஒப்பேற்றினாள். பிள்ளை அசையவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகியது வேறு பெயரல்லவா.

மூன்றாம் நாள் காலை. ஒரு மாத லீவு முடிந்து மூக்கன் டியூட்டிக்குக் கிளம்பி, வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஹரிணி குளிக்கப் போயிருந்தாள். உள்ளே தொட்டிலில் அழுகை எழுந்தது. ராசா என்று அமராவதியின் குரல், அப்புறம் தங்கம் என்று. அழுகை ஓயவில்லை. பிறகு மெதுவாக, கூச்சத்தோடு அது வந்தது.

“மூக்கா... ஏண்டா அழுவுற. இந்தா வந்துட்டேன்டா மூக்கா.”

அழுகை நின்றது. மூக்கனும் ஒற்றைச் செருப்போடு நின்றார். பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் போலீஸ்காரர் வாயிலும் கேட்ட பெயர்தான். இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய், அறைக்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னொரு தடவ கூப்பிடு” என்றார்.

அமராவதி தலையைத் தூக்கவில்லை. பிள்ளையைப் பார்த்தபடியே இன்னொரு தடவை கூப்பிட்டாள்.