தவமணி விற்கும் கிரேக்கத் தயிர்

கிரேக்கத் தயிரைக் கிரேக்கர்களுக்கே விற்கிற யாழ்ப்பாணத்துப் பெண் ரொறன்ரோவில் தான் ஒருத்திதான் என்று தவமணி சொல்லிக்கொள்வாள். எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை. மறுத்துச் சொல்ல முன்வந்தவரும் இல்லை. தவமணியிடம் வாய் கொடுத்துவிட்டுத் தப்பி வருவது லேசான காரியமா என்ன?

வயது ஐம்பத்தாறு. வீடு மோர்னிங்சைட்டில். வோபர்னில் ஒரு சின்னக் களஞ்சியம், அதற்குள் ஒரு குளிர் அறை, வாசலில் ஒரு வான். முதலாளியும் அவள்தான், சாரதியும் அவள்தான், சுமை தூக்குகிறவளும் அவள்தான். பதினொரு உணவகங்களுக்குப் பத்துக் கிலோ வாளிகளில் மொத்தமாகக் கொடுக்கிறாள். ஆறு கடைகளுக்குச் சின்ன டப்பாக்களில் சில்லறைக்குப் போடுகிறாள். அந்த டப்பாவின் மேல் அவள் பெயர் பெரிதாக இருக்கும், அதன் கீழே ‘பால், உறை. வேறொன்றுமில்லை’ என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். வேறொன்றுமில்லை என்பதை ஏன் அச்சடிக்க வேண்டும் என்று கேட்ட அச்சகக்காரன், அன்று முழுக்கக் காது குடைந்துகொண்டிருந்தானாம்.

இந்தத் தொழில் அவளுக்கு வானத்திலிருந்து விழவில்லை. கிரேக்கர்கள் நிறைந்த டான்போர்த் தெருவில் ஒரு கிரேக்க உணவகத்தின் சமையலறையில் பதினேழு வருடம் வெள்ளரிக்காய் துருவி, உள்ளி இடித்து, தயிரில் கலந்தவள். உண்மையான கிரேக்கத் தயிர் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்து எடுப்பது என்பதும், மூன்று லீற்றர் பாலுக்கு ஒரு லீற்றர் தயிர் தேறினால் பெரிய காரியம் என்பதும் அங்கே நின்று கண்டது. முதலாளி வயதாகிக் கடையைப் பூட்டினார். மற்றவர்கள் வேறு சமையலறை தேடிப் போக, தவமணி தயிர் தேடிப் போனாள். நல்ல தயிர் கிடைக்கவில்லை என்று சமையற்காரர்கள் புலம்புவதைப் பதினேழு வருடம் கேட்டவளாயிற்றே.

எட்டு மாதம் அலைந்தாள். ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் கலியாணத்துக்குக் குறிப்புப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ‘கிரேக்க பாணித் தயிர்’ என்று கண்டால் கோபம் வந்துவிடும். “பாணியாம் பாணி! உது தயிரோ, பரதநாட்டியமோ?” என்று கடைக்குள்ளேயே சத்தம் போடுவாள். கடைசியில், கிங்ஸ்ரன் பக்கம் இரண்டு மணி நேர ஓட்டத்தில், பெட்ரோஸ் என்ற கிரேக்கக் கிழவரின் சின்னப் பாற்பண்ணை அகப்பட்டது. வெள்ளைத் துணிப் பைகள் வரிசையாகத் தொங்க, ஒவ்வொன்றிலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தவமணி அந்த இடத்திலேயே கைகூப்பிவிட்டாள்.

ஐந்து வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கரைச்சல் வந்தது நம்முடைய சனத்தால்.

தயிர் நல்லதோ என்று பார்க்க நம்மவர்களுக்கு ஒரு வழிதான் தெரியும்: கவிழ்த்துப் பார்ப்பது. சட்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது, ஒழுகக்கூடாது. அந்தப் பழக்கம் விமானம் ஏறி வந்து வோபர்னிலும் கவிழ்த்துப் பார்க்கிறது. வடித்த தயிரோ, இரண்டு நாள் இருந்தால் மேலே கொஞ்சம் நீர் விடும். உயிருள்ள தயிரின் குணம் அது. சனம் அதைக் கண்டதா? ‘தண்ணி கலந்து விக்கிறாள்’ என்று கதை கட்டிவிட்டது. கடைக்கார யேசுரட்ணம் போன் எடுத்தார்.

“தங்கச்சி, உன்ர தயிர் தண்ணி விடுது. நேற்று மாத்திரம் ஒன்பது டப்பா திரும்பி வந்திட்டுது. சனத்துக்கு நான் என்ன மறுமொழி சொல்ல?”

“அண்ணை, அது அப்பிடித்தான் இருக்கும்.”

“எனக்கு விளங்குது. கவிழ்க்கிறவைக்கு விளங்க வேணுமே?”

தவமணிக்கு மானம் போய்விட்டது. தண்ணி கலந்தவள் என்ற பெயரா தனக்கு! அந்தச் சூட்டோடு பெட்ரோஸுக்குப் போன் போட்டு, மேலே தண்ணீர் நிற்கக்கூடாது, எப்படியாவது நிறுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு வைத்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவமணி கெட்டது அந்த எப்படியாவதில்தான்.

அடுத்த வாரம் வந்த தயிரைக் கவிழ்த்தால் கல். ஒரு சொட்டு நீரில்லை. யேசுரட்ணத்தின் கடையில் இரண்டு நாளில் முடிந்துபோயிற்று. பெட்ரோஸ் கூடுதல் நேரம் தொங்கவிட்டிருக்கிறார் என்று நினைத்துத் தவமணியும் பூரித்துப்போனாள். போதாததற்கு, மூன்று வருடமாக அவள் படியேறித் திரிந்த எலெனி என்ற கிரேக்கப் பெண்மணி, செவ்வாய்க்கிழமை மாதிரிக்கு ஒரு டப்பா கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார். எலெனிக்கு எட்டுக் கடை. எட்டும் கிரேக்கர்கள் வந்து வாங்குகிற கடை. தன் டப்பா அங்கே ஏறவேண்டும் என்பதுதான் தவமணியின் ஒரே ஆசை. கிரேக்கர்களே காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்கு மேல் சான்றிதழ் வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை நூருல் இனாயாவின் போன் வந்தது. கலியாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள். இரண்டு வருட வாடிக்கை.

“அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. குருமாவுல உங்கட தயிரை ஊத்தினா பசை மாதிரி வருது. பன்றி ஜெலட்டின் ஏதும் போட்டிருக்கா? நான் ஹலால் எண்டு சொல்லிச் சமைக்கிறவ. நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க.”

“என்ர லேபிளை வாசிச்சனியோ இனாயா? வேறொன்றுமில்லை எண்டு எழுதிக் கிடக்கு!”

“லேபிளை நம்பித்தானக்கா வாங்கினேன்.”

தவமணி போனை வைத்துவிட்டுக் குளிர் அறையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். நாக்கில் வைத்தாள். இரண்டு வாரமாக விற்று முதலாக்கிய சந்தோஷத்தில், ருசி பார்க்கவே மறந்திருக்கிறாள் பாருங்கள்! புளிப்பு இருந்தது. ஆனால் வழுவழுப்பு இருந்தது, மாப்பசை கிண்டியதுபோல. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். விஞ்ஞான வகுப்பில் படித்ததில் மறக்காமல் இருந்தது ஒன்றுதான்; முதலுதவிப் பெட்டியிலிருந்து அயடீன் போத்தலை எடுத்து ஒரு துளி விட்டாள். தயிர் கறுநீலமாக மாறியது.

மாச்சத்து. ஜெலட்டின் இல்லை என்று கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த மூச்சில் வான் சாவியைத் தேடினாள்.

அன்று மத்தியானமே பெட்ரோஸின் முன்னால் போய் நின்றாள். கிழவர் ஒளிக்கவில்லை. கொஞ்சம் சோளமா போட்டேன் என்றார். “எப்படியாவது தண்ணீரை நிறுத்தச் சொன்னது நீதானே? தண்ணீரை நிறுத்த வேறு வழி கிடையாது.”

தவமணி முதலில் தமிழில் ஏசினாள். ‘அறுவான்’ என்ற வசவில் தொடங்கியது எங்கெங்கோ போய் வந்தது. பெட்ரோஸுக்கு ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் முழுவதும் விளங்கியது. பிறகு ஆங்கிலத்துக்கு வந்தாள். “கேட்டது நான். அந்தப் பிழை என்னுடையது. போட்டதை எனக்குச் சொல்லாமல் விட்டது உங்களுடையது. இனிமேல் சோளமா இந்த வாசலை மிதிக்கக்கூடாது.” கிழவர் தலையைக் குனிந்துகொண்டே பைகளை எடுத்தார். தன் கண் முன்னால் பாலும் உறையும் மட்டும் சேர்ந்த தயிர் துணியில் ஏறித் தொங்கிய பிறகுதான் தவமணி வானை எடுத்தாள்.

திங்கட்கிழமை முழுவதும் பதினொரு உணவகங்களுக்கும் போன். ‘நான் தந்ததில் மா கலந்திருக்கிறது, பாவிக்காதீர்கள், எடுத்துப் போக வருகிறேன்.’ இனாயாவிடம் நேரில் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு ஆறு கடைகளிலும் தட்டிலிருந்த டப்பாக்களைத் தன் கையாலேயே இறக்கினாள். நானூற்றுச் சொச்சம். யேசுரட்ணம் வான் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

“உனக்கு விசரோ? இப்பத்தான் சனத்துக்குப் பிடிச்சிருக்கு. சோளமா நஞ்சோ? வீட்டில நாங்கள் சாப்பிடுறேல்லையோ?”

“நஞ்சில்லை அண்ணை. ஆனால் நான் எழுதினது பொய்யாப் போச்சு.”

“ஆர் வாசிக்கினம்?”

“இனாயா வாசிச்சவள். பேய்க்கதை கதையாமல் தள்ளி நில்லுங்கோ.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். விடிந்தால் எலெனி. பாதி உணவகக்காரர் டான்போர்த்திலேயே இருக்கிறவர்கள்; கதை இதற்குள் எலெனியின் காதுக்குப் போயிருக்கும் என்று தவமணிக்குத் தெரியும். கையிலிருந்து நழுவிவிட்டது என்றே நினைத்தாள். ஆனாலும் போகாமல் விடுவதில்லை என்று தலையைப் பின்னி முடித்தாள்.

செவ்வாய் காலை பெட்ரோஸே புதுத் தயிரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லாமல் ஒரு பெட்டி முட்டையையும் வைத்துவிட்டுப் போனார். தவமணி நேரே எலெனியின் கடைக்குப் போய் டப்பாவை மேசையில் வைத்தாள். வான் குலுங்கி வந்ததில் மேலே நீர் நின்றது.

எலெனிக்கு எழுபது வயதிருக்கும். அந்த நீரைக் கரண்டியால் அள்ளிக் குடித்தார். பிறகு தயிரைத் தின்றார். ஒரு கரண்டி, இரண்டு, மூன்று. மாதிரி பார்க்கிறவர்கள் அப்படித் தின்ன மாட்டார்கள். தவமணி, கேட்பதற்கு முன்னால் தானே எல்லாவற்றையும் சொன்னாள்: தான் கத்தியது, கிழவர் போட்டது, எடுத்து வந்தது.

“தெரியும்,” என்றார் எலெனி. “என் தம்பியின் உணவகத்துக்கும் நேற்றுப் போன் செய்தாயாம். எட்டுக் கடைக்கும் எடுக்கிறேன். ஒரு நிபந்தனை. லேபிளில் உன் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறாய். என் சனம் கிரேக்கப் பெயரைத்தான் நம்பும். ஒரு நல்ல கிரேக்கப் பெயராகப் போடு.”

மூன்று வருடம் படியேறியவள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. தவமணி டப்பாவைத் தன் பக்கமாக இழுத்து மூடினாள்.

“நேற்று நானூறு டப்பாவைத் திரும்ப எடுத்தது எந்தப் பெயர், அம்மா? கிரேக்கப் பெயரைப் போட்டால், அடுத்த முறை பிழை வரும்போது எடுக்க யார் வருவார்?”

எலெனி அவளையே பார்த்தார். பிறகு டப்பாவைத் திரும்ப இழுத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, லேபிளில் விரலை வைத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினார்.

“தா... வா... தாவாமா...”

“தவமணி.”

“தாவமானி.”

“தவமணி, அம்மா. திரும்பச் சொல்லுங்கள்.”

எட்டுக் கடைக்குச் சொந்தக்காரி திரும்பச் சொன்னார். மூன்றாந்தரம் சரியாக வந்தது.