வலப்பக்கமே போகும் கால்கள்

இடது காதடியில் கத்தரியை வைத்துவிட்டால் போதும், சலூன்காரரின் கால்கள் தாமாகவே நகரத் தொடங்கிவிடும். பிடரியைச் சுற்றி, வலது காதுக்கு வந்து, அங்கே நின்று கண்ணாடியில் ஒரு பார்வை. பத்தொன்பது வருடமாக இதே வழி, இதே வலப்பக்கம். நாற்காலியைச் சுற்றித் தரை தேய்ந்து பிறை மாதிரி ஒரு தடம் விழுந்திருக்கிறது. கேட்டால், "அது நான் போட்ட ரோடு" என்பார் பெருமையாக.

எட்டு மாதமாக அவர் குத்துச்சண்டை பழகுகிறார். சிரிக்காதீர்கள், நன்றாகவே பழகுகிறார். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய டயர் கிடங்குதான் பயிற்சிக் கூடம். மாஸ்டர் இவரைவிடப் பத்து வயது இளையவர், "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டாவது நிமிடத்திலேயே கை தொங்கிவிடும். இவருக்குத் தொங்காது. "நாள் பூரா தூக்கியே வெச்சிருக்கற கை, மாஸ்டர். இறக்கத்தான் எனக்குப் பழக்கமில்ல." வீட்டில் மனைவிக்கு வேறு கருத்து. "காசு குடுத்து அடி வாங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

வலதுகைக்காரர்களிடம் எப்படியோ சமாளித்துவிடுவார். ஆனால் கூடத்தில் இவர் எடைக்கு இருக்கும் ஒரே ஆள் பல் டாக்டர், அவரோ பிறவி இடதுகைக்காரர். ஊரெல்லாம் இடது காலை முன்னால் வைத்து நின்றால் டாக்டர் வலது காலை வைப்பார். இவர் முன்காலும் அவர் முன்காலும் மிதிபடும். இவர் நீட்டும் கை அவர் நீட்டும் கையில் போய் இடிக்கும். குழம்பிப்போய் வலப்பக்கம் ஒதுங்குவார். டாக்டரின் இடது கை காத்திருப்பதே அங்கேதான். மடேர்!

"நான் எங்கண்ணே அடிச்சேன்? நீங்களா வந்து வாங்கிக்கறீங்க!" என்று டாக்டர் பதறுவார். கூடமே சிரிக்கும். சலூன்காரரும் மூக்கைத் தடவியபடி சேர்ந்து சிரிப்பார்.

புதியவர்களுக்கான போட்டி அறிவிப்பு வந்த அன்று அவர் சிரிக்கவில்லை. நாற்பது வயது முடிந்தவர்களுக்கு அதில் இடமில்லை. இவருக்கு அடுத்த மாதம் நாற்பது. டாக்டரோடு மூன்று ரவுண்டு தாக்குப்பிடித்தால்தான் பெயரைப் பலகையில் எழுதுவேன் என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஜெயிக்கணும்னு இல்ல மாஸ்டர். ஒரே ஒரு தடவை சனங்க முன்னாடி ரிங்குல ஏறிடணும்."

"அப்படின்னா வலப்பக்கம் போறதை விடுங்கண்ணே. இடப்பக்கம் போங்க. அவரு முன்காலுக்கு வெளிய உங்க காலை வைங்க."

தலைக்கு உடனே புரிந்தது. காலுக்குத்தான் புரியவில்லை. பத்தொன்பது வருடம் ஒரே பக்கமாகச் சுற்றிய கால், சொன்னால் கேட்குமா?

அதனால் கடையிலேயே காலைத் திருத்தப் புறப்பட்டார். வலது காதில் தொடக்கம், பிடரி வழியாக இடது காது. கால் திருந்தியதோ இல்லையோ, முதல் நாளே மூன்று பேர் ஒரு பக்கக் கிருதா ஏறிப்போய் வீடு திரும்பினார்கள். தபால்காரர் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா, ஒரு பக்கம் மட்டும் காத்து வருது?"

"ரெண்டு வாரம் பொறுத்துக்கங்க சார், போட்டி வருது."

"போட்டி உனக்கா, என் தலைக்கா?"

ஆனாலும் மனிதர் அடுத்த முறையும் இவரிடமே வந்தார். வந்ததும், "இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மாலை சலூன்காரர் டாக்டருக்கு எதிரே நின்றார். முதல் ரவுண்டில் பழைய புத்தி வந்து இரண்டு வாங்கினார். இரண்டாவதில் ஒன்று. மூன்றாவது ரவுண்டு முடியப் போகிற நேரம், டாக்டரின் இடது தோள் அசைந்தது. சலூன்காரரின் கால் இடப்பக்கம் போயிற்று. அவர் போகச் சொல்லவே இல்லை, தானாகப் போயிற்று. டாக்டரின் குத்து வெறும் காற்றில் போக, இவருடைய வலது கை நேராக டாக்டரின் வாயில் இறங்கியது. அதே நொடியில் மணியும் அடித்தது.

கூடம் இரண்டுபட்டது. யாரோ விசிலடித்தார்கள். மாஸ்டர் ஓடிப்போய்ச் சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதவே ஆரம்பித்துவிட்டார். "அண்ணே! இங்க பாருங்கண்ணே, உங்க பேரு!"

சலூன்காரர் பலகைப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கிளவுஸுக்கும் நடுவே டாக்டரின் முகவாயை ஏந்தி, விளக்கு வெளிச்சம் விழும் பக்கமாக மெல்லச் சாய்த்தார்.

"எங்க, ஆ காட்டுங்க டாக்டர்."

டாக்டர் பல்லுறையைத் துப்பிவிட்டு, சமர்த்தாக வாயைத் திறந்தார்.