தம்பியின் வேனும் என் சிவப்பு அம்புகளும்

அந்த வேனை யாராவது புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இப்போது அது கோலா குபு பாருவில், ஓய்வு பெற்ற ஒரு மலாய் வாத்தியார் வீட்டு வாசலில் பளபளவென்று நிற்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம். எடுக்கட்டும். அதை விற்பதற்குள் நானும் என் தம்பியும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதில் பாதிக்கு மேல் என்னால் வந்தது என்பதால்தான் இத்தனை எரிச்சல்.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் இருபது வருஷம் வெல்டிங் வேலை செய்தான். கம்பெனிக்காரன் பட்டறையை மூடி, கைகுலுக்கி அனுப்பிவிட்டான். ஐம்பத்திரண்டு வயதுக்காரனை யார் புதிதாக வேலைக்கு எடுப்பார்கள்? அசாம் ஜாவாவில் அவன் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் சொந்தமாகப் பட்டறை போட வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் பெயர் தெரியாதவனை நம்பி யார் வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள்?

அப்போதுதான் சபாக்கில், தவுக்கே என்று நாங்கள் சொல்கிற ஒரு சீன முதலாளியின் இறால் கொட்டகைக்குப் பின்னால் அந்த வேனைக் கண்டுபிடித்தான். உருண்டை விளக்கு வைத்த பழைய ஜெர்மன் வேன். கூரையைத் தூக்கி நிறுத்தினால் மேலே இரண்டு பேர் படுக்கலாம். உள்ளே சின்ன அடுப்பும் அலமாரியும் உண்டு. உண்டு என்றால், இருந்த அடையாளம் உண்டு. நான் பார்த்தபோது அடுப்பு இருந்த இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இத ஒன்ன முழுசா செஞ்சி வித்துக் காட்டினா போதும்கா," என்றான். "பழைய வேன் வச்சிருக்கவங்க எல்லாம் ஒரே குரூப்பு. ஒருத்தன் பார்த்தா நூறு பேருகிட்ட சொல்வான். அப்புறம் நா தைரியமா போர்டு மாட்டிக்குவேன்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாயே என்று திட்டிக்கொண்டே பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானா?

ரவாங்கில் ஒரு தொலைக்காட்சித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்க்கிற வேலை எனக்கு. பெல்ட்டில் பெட்டி வரும். கீறலோ புள்ளியோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டியது வாசலைத் தாண்டாது. ஓய்வு பெற்றபோது மிச்சமிருந்த அம்புச் சுருள்களைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். போட மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். ஆள் முதுகுக்குப் பின்னால் நின்று வேலை வாங்குகிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராயத் தேவையில்லை.

தினமும் காலை பத்து மணிக்கு கோலா சிலாங்கூரிலிருந்து டார்ச் லைட்டும் அம்புச் சுருளுமாகக் கிளம்பிப் போவேன். காரை நிறுத்தும்போதே, "மண்டோர் வந்தாச்சு" என்று தம்பி முணுமுணுப்பது கேட்கும். அவன் மூன்று நாள் தட்டி நிமிர்த்திய கதவில் நான் மூன்று நிமிஷத்தில் பதினைந்து அம்பு ஒட்டுவேன்.

"அக்கா, இது வண்டியா, டிவியா?"

"எதுவா இருந்தாலும் கை வச்சா வழுக்கணும். மேடு பள்ளம் இருக்கக் கூடாது."

"வெயில்ல நிக்கப் போற வண்டிலா. எவன் டார்ச் அடிச்சிப் பாக்கப் போறான்?"

"நா பாக்குறேன்ல!"

அதற்கு மேல் அவன் எதிர்த்துப் பேச மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுச் செய்துவிடுவான். ஒருமுறைதான் மறுத்தான். பின்னால் இன்ஜின் வைக்கிற அறையில், துருவும் பழைய பெயிண்டும் மூடிய இரும்பில் ஒரு விரல் நீளத்துக்குச் சொரசொரப்பு தட்டுப்பட்டது. அம்பை ஒட்டினேன்.

"அது பழைய இரும்புக்கா. அதக் கிளற வேணாம். மேலாக்க பெயிண்ட் அடிச்சிக்கலாம்."

"அரைகுறை வேலை செஞ்சிட்டா போர்டு மாட்டப் போற?"

மறுபேச்சில்லாமல் கிரைண்டரை எடுத்தான். அன்று சாயங்காலம் அந்த இடம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் தடவிப் பார்த்து, பரவாயில்லை என்றேன். என் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

ஏழு மாதம் ஆனது. வெளியே பாலாடை வெள்ளையும் இளம்பச்சையுமாகப் பெயிண்ட், உள்ளே புது மெத்தை, அடுப்பு, ஜன்னல் திரை. படம் எடுத்து இணையத்தில் போட்டோம். அதோடு பிடித்தது சனி. படத்துக்குக் கீழே விலை எழுதியிருக்கிறது. கூப்பிடுகிறவன் விலை என்ன என்று கேட்பான். சொன்னால், கடைசி விலை என்ன என்பான். ஒருவன் பாதி விலைக்குக் கேட்டுவிட்டு, மீதிக்குத் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தருகிறேன் என்றான். தஞ்சோங் காராங்கிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் மெத்தையில் உட்கார்ந்து, கூட்டிவந்த பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, நாலு படம் எடுத்து, "சும்மாதான் பாக்க வந்தோம்" என்று போனார். எங்கள் சொந்தக்காரப் பெண்மணி ஒருத்தி மகள் கல்யாணத்துக்குப் பெண் அழைக்க ஓசியில் கேட்டாள். கொடுக்க முடியாது என்றேன். இப்போது பேசுவதில்லை. நிம்மதி.

கடைசியில் அந்த வாத்தியார் வந்தார். பழைய வேன் குரூப்பில் பெரிய கை. அவசரமே இல்லாமல் ஒரு மணி நேரம் பார்த்தார். வெல்டிங் போட்ட இடத்தையெல்லாம் விரலால் தேடி, கிடைக்காமல், தம்பி தோளைத் தட்டினார். "அடுத்த மாதம் எங்கள் ஆட்கள் கூடுகிறோம். இதை ஓட்டிக்கொண்டு போனால், யார் செய்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்," என்று மலாயில் சொன்னார். தம்பி அன்றைக்கே போர்டுக்குப் பலகை வாங்கிவிட்டான்.

பெயர் மாற்றுவதற்கு முன்னால் வண்டியைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். வாத்தியாரும் வந்திருந்தார். சோதிக்கிற அதிகாரி பிரேக் பார்த்தார், விளக்குப் பார்த்தார். பிறகு இன்ஜின் அறைக்குள் தலையை விட்டு, துணியால் துடைத்து, டார்ச் அடித்துத் தேடினார். வெளியே வந்து, சேசிஸ் நம்பர் எங்கே என்று கேட்டார்.

நான் ஒட்டின அம்பு காட்டிய இடத்தில் இருந்தது அதுதான். வண்டியின் பிறப்புப் பத்திரம் மாதிரி, இரும்பிலேயே குத்தி வைத்த நம்பர். அதைத்தான் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருந்தோம். நம்பர் இல்லாத வண்டியைப் பெயர் மாற்ற முடியாது, திருட்டு வண்டியா என்று சந்தேகம் வரும், யார் எதற்காக அழித்தார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, திரும்பக் குத்த வேண்டும் என்றார் அதிகாரி. வாத்தியார் முகம் கறுத்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? அத்தனை பேர் முன்னாலும் தம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

"இருபது வருஷம் வெல்டிங் அடிச்சவன்தானே நீ? நம்பர் எங்க இருக்கும்னு தெரியாது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. தம்பி குனிந்த தலையைப் பார்த்தே தீர்ப்பு எழுதிக்கொண்டார். பிறகு பேசுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், போலீசுக்குக் காட்ட அந்த நம்பர் ஏதாவது படத்தில் விழுந்திருக்கிறதா என்று தம்பி கைப்பேசியில் தேடினான். தேய்ப்பதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்து வை என்று உயிரை வாங்கியவளும் நான்தான். கிடைத்தது. துருவுக்குள் மங்கலாக நாலைந்து எண்கள். பக்கத்தில் அவற்றைச் சுட்டிக்கொண்டு பளிச்சென்று என் சிவப்பு அம்பு.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். படத்தை ஏன் இவ்வளவு கிட்டத்தில் எடுத்தாய் என்று கேட்கப் போனேன். அதற்குள் அவன் சொன்னான்:

"நம்பரு கொஞ்சம் தெரியிதுக்கா. அம்ப மட்டும் வெட்டிட்டு அனுப்பிடவா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டவன் அவன்.

"வெட்டாத," என்றேன்.

போலீஸ் நிலையத்தில் யார் அழித்தது என்று கேட்டபோது தம்பி, "நான்தான்" என்று ஆரம்பித்தான். நான் குறுக்கே புகுந்து, வேண்டாம் என்று இவன் சொன்னான், நான்தான் கட்டாயப்படுத்தித் தேய்க்க வைத்தேன் என்று எழுத வைத்தேன். வெளியே வந்து அதே படத்தை, அம்போடு, வாத்தியாருக்கு அனுப்பினேன். தப்பு முழுக்க என்னுடையது, என் தம்பி சுத்தமான வேலைக்காரன் என்று மலாயில் நீளமாக எழுதினேன். பெரிய தியாகம் செய்த நினைப்பு எனக்கு. காரில் ஏறியதும் தம்பி வெடித்தான். வாழ்க்கையில் முதல் தடவை.

"யாரு ஒன்ன சொல்லச் சொன்னா? நா பாக்காம தேச்சிட்டேன்னா அது ஒரு தப்பு. யாருக்கும் வரும். அக்கா சொன்னா, அதான் தேச்சேன்னா நா என்ன ஆளுக்கா? நாளைக்கி எவன் சொன்னாலும் எதையும் தேச்சிடுவேன்னுதானே நெனப்பாங்க? எவன் வண்டிய விடுவான்?"

அவன் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வழி முழுக்க செம்பனைக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நாலு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் வாத்தியார் வருவதாகத் தகவல் வந்ததும் இருப்புக்கொள்ளாமல் ஓடினேன். அவர் வேனைச் சுற்றி வந்தார். இன்ஜின் அறையைத் திறந்து அந்த வழவழப்பான இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்பியிடம், நம்பர் திரும்ப வர எவ்வளவு நாள் ஆகும், அதுவரை தான் காத்திருப்பது சரியாக வருமா என்று கேட்டார்.

"ரெண்டே மாசம்! நானே அலைஞ்சி..." என்று நான் மலாயில் தொடங்கினேன்.

"அக்கா," என்றான் தம்பி. குரலை உயர்த்தவில்லை. "அவரு என்கிட்ட கேட்டாரு."

நான் நிறுத்தினேன். வாத்தியார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு யோசித்தான். எத்தனை நேரம்! யோசிப்பதற்கு அவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் என்றுகூட எனக்கு அதுவரை தெரியாது. நான் ஒருநாளும் அவனை விட்டதில்லை.