பதினெட்டு இஞ்ச் சப்வூஃபரும் மாமாவின் வார்னிங் லெட்டர்களும்

சப்வூஃபர் வாங்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை இஞ்ச்?" என்பதுதான். ரூம் எவ்வளவு பெரியது, தரை சிமெண்டா பலகையா, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, எதையும் சொல்லமாட்டார்கள். சிரம்பானில் ஓர் ஆடியோ கடையில் பல வருஷம் டெக்னீசியனாகவும் சேல்ஸ்மேனாகவும் இருந்தவன் நான். இன்றைக்கும் யாராவது இஞ்ச் கணக்குக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். ஏன் என்று இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. எது பெருசு?

தொண்ணூறுகளின் தொடக்கம். லேசர் டிஸ்க் வந்து, வசதி உள்ளவர்கள் வீட்டிலேயே தியேட்டர் ரூம் கட்டத் தொடங்கிய நேரம். பெடாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றின் மேனேஜர் கடைக்கு வந்தார். தமிழர்தான். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷமாகியும் எஸ்டேட்டில் அவரைத் 'தொரை' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"பங்களாவுல ஒரு சைட் வராந்தாவ அடைச்சு தியேட்டர் ரூம் பண்ணியிருக்கேன். சப்வூஃபர் வேணும். ஒங்ககிட்ட எது பெருசு?" என்றார்.

ரூமைப் பார்க்காமல் சப்வூஃபர் சொல்லக்கூடாது. அதனால் பங்களாவுக்குப் போய்ப் பார்த்தேன். பழைய மர பங்களா. கால்களின்மேல் நிற்கிற பலகைத் தரை, அடியில் வெற்றிடம். ஜன்னலெல்லாம் லூவர் கண்ணாடி. பின்பக்கம் மேடு சரிந்து இறங்கும் இடத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் முதல் வரிசை. அதில் மூன்றாவது வீடு என் அக்காவுடையது. அக்காவும் மாமாவும் அந்த எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர்கள். ஜன்னலில் நின்றபோது அந்தத் தகரக் கூரை என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

அந்த ரூமுக்குப் பத்து இஞ்ச் போதும். அதுவும் சீல்ட் பாக்ஸ், அதாவது ஓட்டை இல்லாத மூடிய பெட்டி. அடித்துவிட்டு டக்கென்று நிற்கும். பதினெட்டு இஞ்ச், போர்ட் என்கிற ஓட்டை வைத்த பெட்டி என்றால் ஆக அடிமட்ட சத்தத்தை அள்ளி வெளியே தள்ளும். அந்தச் சத்தம் பலகைச் சுவருக்கெல்லாம் அடங்காது. இதில் பத்து இஞ்ச் போதும் என்ற பாதியை மட்டும் அவரிடம் சொன்னேன்.

"பத்து இஞ்சா? அது கார்ல வைக்கிறதுப்பா! போர்ட்டிக்சன்ல என் ஃப்ரண்டு பதினஞ்சு வெச்சிருக்கான். நான் பத்து வெச்சா என்ன மதிப்பான்?"

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் சொன்னேன். அவரைத் தவுக்கே என்போம். அவர் எங்களோடு பேசுவது பஜார் மலாயும் பஜார் தமிழும் கலந்த பேச்சு. "மணியம், அவன் பெருசு கேட்டா பெருசு குடு-லா. நீ டாக்டரா? இது மருந்தா?"

மேனேஜரையும் தவுக்கேயையும் மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. பதினெட்டு இஞ்ச் பெட்டியை ஒரு வீட்டுக்குள் வைத்த ஆள் அப்போது சிரம்பானில் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. மூன்று பேர் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் கூடும் என்று பின்பக்க மூலையில், மேடு சரிகிற பக்கமாகப் பார்த்து வைத்தது நான்தான். டிஸ்க்கைப் போட்டதும் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. மேனேஜர் என் தோளைத் தட்டினார். தலைகால் புரியாமல் வீடு திரும்பினேன்.

2. அக்கா கடைக்கு வந்தாள்

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு நாள் மதியம் கடைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா நிற்கிறாள். அத்தனை வருஷத்தில் அவள் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வேலை முடிந்து குளித்துவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

"என்னக்கா, உள்ள வா. ஏர்கான் இருக்கு."

"உள்ள வரல. உள்ள இருக்கிற பொட்டிங்களப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. தொரை பங்களாவுல அத வெச்சது நீதானாமே?"

"ஆமா. ஏன்?"

"தெனம் எட்டு மணிக்குப் படம் போடுறாரு. பத்தர வரைக்கும் ஓடுது. காதுக்குக் கேக்கிற சத்தம்னா பஞ்ச வெச்சு அடைச்சிக்கலாம். இது அப்படியா? தகரம் உதறுது. பாயில படுத்தா நெஞ்சுல வந்து இடிக்குது. ஒங்க மாமா நாலு மணிக்கு எந்திரிக்கிற ஆளு-லா. மனுசன் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

பிறகு மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினாள். மாமாவுக்கு வந்த வார்னிங் லெட்டர். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மரத்தில் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை சரியாக வளராது, பிறகு பாலும் இருக்காது. இருபது வருஷம் உளி பிடித்த மாமாவின் மரங்களில் காயம் என்று யாரும் சொன்னதில்லை. எஸ்டேட்டில் யாருக்காவது வெட்டப் பழக்க வேண்டுமென்றால் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அவரிடம்தான் அனுப்புவார். அப்படிப்பட்டவர் தூங்கிவழிந்து ஏழெட்டு மரத்தில் காயம் வைத்திருந்தார். 'கவனக்குறைவு' என்று லெட்டர் சொன்னது. மூன்று லெட்டர் வந்தால் மரம் வெட்டும் வேலையிலிருந்து எடுத்துவிட்டுப் புல்லுக்கு மருந்து அடிக்கிற கூட்டத்தில் போட்டுவிடுவார்கள்.

கீழே கையெழுத்து மேனேஜருடையது.

"அவரே தூங்கவிடமாட்டாராம். அவரே கவனமில்லன்னு லெட்டர் குடுப்பாராம்," என்றாள் அக்கா. "ஆபீஸ் கிராணிகிட்ட போயி சொன்னோம். தொரை வீட்டு விசயத்துல நான் வாயத் தொறக்க முடியாதுன்னுட்டாரு. நீ வெச்ச பொட்டி. நீயே போயி பேசு."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அன்றைக்கே பெடாஸுக்குப் போய் மேனேஜர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிறேன் என்று அவளை பஸ் ஏற்றிவிட்டேன்.

3. என் கெட்டிக்காரத்தனம்

போனேன். ஆனால் கேட்கவில்லை. பங்களா படி ஏறும்போதே என் கோபம் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. "ஃப்ரீ சர்வீஸ் சார், செட் பண்ணிட்டுப் போறேன்," என்று பல்லைக் காட்டினேன். அவர் ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும் பெட்டியின் பின்னால் உள்ள கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்கு மேலே போகிற சத்தத்தை வெட்டுவது என்று வைக்கிற குமிழை, திருகி ஐம்பது ஹெர்ட்ஸுக்குக் குறைத்தேன். வால்யூமையும் பாதியாக்கினேன். இனி சத்தம் அடங்கிவிடும், யார் மனமும் நோகாது என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

தொழிலில் இருக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரியும். கிராஸ்ஓவரைக் குறைத்தால் நெஞ்சில் அடிக்கிற பேஸ் போய்விடும், ஆக அடிமட்டம் மட்டும் மிஞ்சும். சுவரைத் தாண்டி ரொம்ப தூரம் போவதே அந்த அடிமட்டம்தான். அன்று ராத்திரி மேனேஜர் படம் போட்டிருக்கிறார். என்னடா இது சப்பென்று இருக்கிறதே என்று பெட்டியின் வால்யூமையும் ஆம்ப்ளிஃபையரில் பேஸையும் ஒரேயடியாக ஏற்றிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தேன். சத்தம் என்று ஒன்றும் தனியாகக் கேட்கவில்லை. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் தாமாக நடுங்கின. வயிற்றுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைவதுபோல இருந்தது. மாமா பாயில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, போன வாரத்தவிட இப்ப ஜாஸ்தியா இருக்கே. பொட்டி ஏதும் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டார். இரண்டாவது லெட்டர் அன்று காலையில்தான் வந்திருந்தது. எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

4. ரப்பர் ஷீட்

மறுநாளே லீவு போட்டுவிட்டு பங்களாவுக்குப் போனேன். இந்தத் தடவை ஏமாற்று வேலை இல்லை, சரியான வேலை. பெட்டியை மூலையிலிருந்து இழுத்து, மேனேஜர் உட்காரும் சோபாவுக்கு நேர் பின்னால் வைத்தேன். ஆளுக்குப் பக்கத்தில் இருந்தால் கொஞ்ச வால்யூமிலேயே அவருக்கு நிறைய பேஸ் கிடைக்கும், வெளியே போவது குறையும். போர்ட் ஓட்டையை ஸ்பாஞ்சால் அடைத்து, கிராஸ்ஓவரைப் பழைய இடத்துக்கே ஏற்றினேன். பலகைத் தரை அதிராமல் இருக்க பெட்டிக்கு அடியில் எதையாவது வைக்க வேண்டும். அக்கா, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற எஸ்டேட் ஸ்மோக் ஹவுஸில் கேட்டு நாலு ரப்பர் ஷீட் வாங்கிக் கொடுத்தாள். மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதன்மேல் பெட்டியை உட்காரவைத்தேன்.

மேனேஜர் வந்து சோபாவில் உட்கார்ந்தார். வால்யூமை நானே கால்வாசியில் வைத்துப் படத்தைப் போட்டேன். சோபா கிடுகிடுத்தது.

"அடடா! இப்பத்தான்யா நெஞ்சுல அடிக்குது! மொதல்லயே இப்படி வெச்சிருக்கலாம்ல?"

"ஆமா சார், இதுதான் சார் ஒங்களுக்குப் பெஸ்ட்," என்றேன்.

கேட்டீர்களா? ஒங்களுக்கு. கீழே தூக்கமில்லாமல் கிடக்கிற நாற்பது குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அன்றைக்கு அக்கா வீட்டில் தட்டு நடுங்கவில்லை. மாமா ஒன்பது மணிக்கு முன்பே குறட்டை விட்டார் என்று மறுநாள் அக்கா கடைக்குப் போன் பண்ணிச் சொன்னாள்.

5. எழுதாத கடிதம்

அதே போனில் கேட்டாள். "தொரைகிட்ட சொன்னியா?"

"என்னத்த? அதான் சத்தம் நின்னுருச்சுல்ல?"

"சத்தம் நின்னுருச்சு. அந்த ரெண்டு லெட்டரு? தப்பு அவரு மேலதான இன்னும் நிக்குது? நீ டெக்னீசியன்தான. இந்தப் பொட்டினாலதான் லயத்துல யாரும் தூங்கலன்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. ஒங்க மாமா ஆபீசுக்குக் கொண்டு போயி குடுப்பாரு."

"சரிக்கா, எழுதித் தர்றேன்," என்றேன்.

தவுக்கேயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கேட்டேன். அவர் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரை மேஜையில் போட்டார். "மணியம், கடையில வித்த சாமான் தப்புன்னு நீயே எழுதிக் குடுப்பியா? மேனேஜரு நாளைக்கு இன்னும் நாலு மேனேஜரக் கூட்டிட்டு வருவான். ஜாங்கான் சம்போர்-லா!" தலையிடாதே என்று அர்த்தம்.

தலையிடவில்லை. அக்கா போன் பண்ணும்போதெல்லாம் இந்த வாரம், அடுத்த வாரம் என்றேன். கடையில் வேலை ஜாஸ்தி என்றேன். நாலாவது தடவைக்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாலு மாதம் கழித்து, மழைக்கால விடியற்காலை ஒன்றில், ஈரப்பட்டையில் மாமாவின் உளி வழுக்கி ஒரே ஒரு மரத்தில் காயம் பட்டது. யாருக்கும் நடப்பதுதான். வேறு யாராக இருந்தாலும் மண்டோர் திட்டிவிட்டுப் போயிருப்பார். ஆனால் மாமாவுக்கு ஏற்கெனவே இரண்டு லெட்டர் இருந்ததே! மூன்றாவது வந்தது. அடுத்த திங்கட்கிழமை பெரட்டில், அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்க எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, அவர் பெயரை மருந்து அடிக்கிற கூட்டத்தில் வாசித்தார்கள். எஸ்டேட்டின் முதல் தர வெட்டுக்காரர் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடிக்கப் போனார்.

அன்றைக்கு எழுதினேன். தவுக்கேயிடம் கேட்கவில்லை. கிராஸ்ஓவர், போர்ட், பலகைத் தரை, லயம் எவ்வளவு பக்கம், நான் செய்த முட்டாள்தனம், எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதி, எஸ்டேட் ஆபீசுக்கு நானே கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். கடை வேலை போனால் போகட்டும் என்ற வேகத்தில்தான் போனேன்.

அவர் நிதானமாக இரண்டு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ரெண்டு லெட்டர் குடுத்த சமயத்துல இத ஏன்யா கொண்டு வரல? கொண்டு வந்திருந்தா ரெண்டையும் அப்பவே கிழிச்சுப் போட்டிருப்பேன். இப்ப மூணும் ஹெட் ஆபீசுக்குப் போயாச்சு. என் கையில ஒன்னும் இல்ல, மணியம்."

அவர் சொன்னது பொய்யாக இருக்கலாம். பழியை என் தலையில் கட்டிவிட்டுத் தான் நல்லவராகிக்கொண்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று எத்தனையோ வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒருவேளை நிஜமாகவே கிழித்திருப்பாரோ? நான் கேட்டுப் பார்க்கவே இல்லையே. அது தெரியாமல்தான் இன்றுவரை வெந்துகொண்டிருக்கிறேன்.

மாமா ரிட்டையர் ஆகும்வரை உளியைத் தொடவில்லை. என்னை ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. தீபாவளிக்குப் போனால், "தம்பி, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார்.

தம்பிகளே, தங்கைகளே, சப்வூஃபர் வைப்பதற்கு முன்னால் ரூமுக்கு வெளியே வந்து ஒரு சுற்று நடந்து பாருங்கள். அங்கே யார் தூங்குகிறார்கள், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று கேளுங்கள். நீங்கள் வைத்த சாமானால் ஒருவனுக்குக் கேடு வந்தால் அதைச் சரிசெய்துவிட்டு, அது உங்கள் தப்பு என்று அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். நான் பெட்டியை ஒரே நாளில் சரிசெய்தேன். கடிதத்தை நாலு மாதம் கழித்துத்தான் எழுதினேன். மாமா பம்பு தூக்கினார்.