பொன்னாடை போர்த்திக்கொள்ளாத வேட்பாளர்

ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிற ஒருவர் எங்கள் லயத்து வாசலுக்கு வந்து, நாங்கள் நீட்டிய பொன்னாடையை வேண்டாம் என்று சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

காரணம் இருக்கிறது. நாங்கள் இருப்பது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயம் என்கிற பழைய லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில். எங்களுடையது தொங்கல் காம்பரா, அதாவது வரிசையின் கடைசி வீடு. பின்னால் மண்மேடு, முன்னால் பள்ளம். பின்சுவரில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. மேல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, சாமிப்படம் போட்ட காலண்டருக்குப் பின்னால் போய் மறைந்தது. மழை வலுத்தால் லயத்துச் சனம் முழுவதும் சட்டி பானையோடு கோயில் மண்டபத்துக்குப் போவோம், மழை விட்டால் திரும்பி வருவோம். வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதாகச் சொல்லி ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். கற்கள் இருக்கின்றன. ஒன்றில் பெண்கள் துணி துவைக்கிறார்கள். நல்ல வழுவழுப்பான கல்.

அப்படி வந்தவர்கள் எல்லாரும் பொன்னாடை போர்த்திக்கொண்டவர்கள்தான். ஏமாற்றினார்கள், சரி. ஆனால் அடுத்த தடவை வரும்போது, "ஐயா, எங்க பொன்னாடையப் போட்டீங்களே" என்று முகத்துக்கு நேராகக் கேட்க முடிந்தது. அப்படிக் கேட்டதற்கு ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு கூரைக்குத் தகரம் அனுப்பினார். எங்கள் கையில் இருக்கிற பிடி அது ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்கிறவரை எங்கே பிடிப்பது?

இதில் என் வீட்டுக்காரிக்குப் பெரிய பங்கு இருந்தது. லயத்துப் பெண்கள் பக்கம் தொழிற்சங்கத்தின் தலைவி அவள்தான். அந்தத் தேர்தலில் யாரை ஆதரிப்பது என்று சங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. வழக்கமாக ஆதரிக்கிற பழையவர் ஒரு பக்கம், புதிதாகக் கிளம்பி எல்லார் வாயிலும் அடிபட்ட இவர் ஒரு பக்கம். தோட்டந்தோறும் உள்ள சங்கத் தலைவர்களையும் தலைவிகளையும் ஹட்டனுக்குக் கூப்பிட்டு, கையைத் தூக்கச் சொல்லி முடிவெடுப்பதாக ஏற்பாடு. எங்கள் தோட்டத் தலைவர் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, பழையவருக்குத் தூக்கு. மொத வீடு மேட்டு லயத்துக்குத்தான்னு பேசி வச்சிருக்கேன்."

தூக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத பாதியைத்தான் நான் பெக்டரியில் விறகு அடுக்குகிற நேரமெல்லாம் விதவிதமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதியவர் கோயில் வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். தமிழில் "வணக்கம், எல்லாரும் சுகமா" என்றார். மற்றதெல்லாம் சிங்களம். கூடவே ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் நின்று தமிழில் சொன்னார். எனக்குச் சிங்களம் வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஹட்டனில் ஒரு சிங்களவர் கடையில் சாமான் கட்டினவன் நான். அவர் ரெண்டு வரி பேசினால் மாஸ்டர் நாலு வரி சொன்னார். வீட்டுப் பிரச்சினையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அங்கே சொன்னது, வீடு தருவார் என்று இங்கே வந்து இறங்கியது.

நான் மாஸ்டர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "மாஸ்டர், ஐயா தாறேன்னு சொல்லலையே."

"சும்மா இருங்க அண்ணே. மைக் ஆன்ல இருக்கு."

அப்புறம்தான் பொன்னாடை. என் வீட்டுக்காரி விரித்துக்கொண்டு போனாள். அவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்திலிருந்தபடியே சிங்களத்தில், "ஐயா, ஒரு நிமிஷம் போட்டுக்கொண்டால் போதும்" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பொன்னாடையை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் தோளிலேயே போர்த்திவிட்டார். உழைக்கிற தோளுக்குத்தான் இது என்று ஏதோ சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சாவு வீட்டில்கூட அழாத என் வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

பிறகு, ஒரு வீட்டை உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் நின்ற இடத்துக்குக் கிட்ட இருந்தது எங்கள் காம்பரா. படம் பிடிக்கிறவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவர் அவனை வெளியிலேயே நிற்கச் சொன்னார். படமும் இல்லாமல் போனால் வந்ததற்கு என்ன சாட்சி என்று எனக்கு அடித்துக்கொண்டது. உள்ளே நானும் அவரும்தான். காலண்டரைத் தூக்கி வெடிப்பைப் பார்த்தார். விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் பேசின குரல் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் கிளம்பிவிடு. யாருக்காகவும் காத்திருக்காதே. எனக்காகவும்தான்."

"ஐயா, வீடு தருவீங்களா?" என்று கேட்டேன்.

"இப்போது என்னால் சொல்ல முடியாது" என்றார். போய்விட்டார்.

அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் அதே பேச்சுதான். பொன்னாடையைக் கழற்ற மறந்து என் வீட்டுக்காரி குடத்தோடு நின்றாள். பக்கத்துக் காம்பராக்காரிக்கு வாய் சும்மா இருக்காது.

"தலைவி, அதக் கழட்டி வச்சிட்டுத் தண்ணி புடிங்க. நனைஞ்சா அடுத்த ஆளுக்கு என்னத்தப் போடுறது?"

"ஆளு நல்லவரு மாதிரித் தெரியுது" என்றாள் இன்னொருத்தி.

"நல்லவரு மாதிரித் தெரியத்தானே வந்தாரு" என்றேன் நான்.

"இந்த அண்ணனுக்குச் சாமியே வந்தாலும் ஐடென்டி கார்ட் கேப்பாரு" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. "பழையவரு போத்தல் தண்ணியத் தவிர நம்ம வீட்டுல ஒண்ணும் தொட்டதில்ல. இவரு டீ குடிச்சாரு."

"பாதியத்தான் குடிச்சாரு."

"சீனி கூடிப்போச்சாம். சுகர் இருக்கும் போல."

"சுகர்க்காரரு அஞ்சு வருஷம் தாங்குவாராடி?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் பெட்டிகளில் குறி போடுகிற தடிப் பென்சிலை எடுத்து, காலண்டரைத் தூக்கி, யாரும் பார்க்காத நேரத்தில் கோடு போட்டேன். நம்பிப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டுப் போய்விட்டார், போடாமல் விட்டால் அதுவும் ஒரு கவலை.

ரெண்டு நாள் கழித்து, கந்தப்பளையில் இருக்கிற என் மச்சினி போன் எடுத்தாள். என் வீட்டுக்காரியின் தங்கச்சி. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள்.

"இங்கயும் வந்தாரு அக்கா. பொன்னாடை வேணாம்னாரு. எங்க தலைவிக்கே போத்திவிட்டாரு. அவ ஓன்னு அழுதுட்டா."

என் வீட்டுக்காரி போனைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கோ, நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஏமாற்றம்.

"பாத்தியா? போற எடமெல்லாம் அதே நாடகம்" என்றேன்.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். "நானுந்தான் தெனமும் ஒரே மாதிரி சோறு வடிக்கிறேன். அதுனால அது பொய்ச் சோறா?"

நான் போனைப் பிடித்து மச்சினியிடம் கேட்டேன். "செவரு கிவரு ஏதும் பாத்தாரா? பென்சில் பத்தி ஏதும் சொன்னாரா?"

"என்ன பென்சில் மச்சான்? வெள்ளனவே குடிச்சிட்டீங்களா?"

அங்கே அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் கேட்டாராம். அப்படியானால் கோடு எங்களுக்கு மட்டும் சொன்னதா? இல்லை, வெடிப்பு உள்ள லயமெல்லாம் போய் இதையே சொல்கிறாரா? வெடிப்பு உள்ள லயமாகத் தேடிப் போன் எடுத்துக் கேட்க எனக்கு அத்தனை மச்சினி இல்லை.

ஹட்டன் கூட்டம் ஒரு கடைக்கு மேல்மாடி மண்டபத்தில் நடந்தது. நானும் கூடப் போனேன். புருஷன்மார்களும் டிரைவர்களும் பின்னால் படிக்கட்டு ஓரம் நின்றோம். மேடையில் இருந்தவர் பழையவரின் அருமை பெருமைகளை நெடுநேரம் சொன்னார். புதியவரைப் பற்றியும் சொன்னார், ரெண்டே வரியில். அவர் மைக்கை வாயிலிருந்து எடுத்ததும் என் வீட்டுக்காரி கையைத் தூக்கினாள்.

என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் முழுவதும் வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தாள். மேட்டு லயத்தை எப்போது மாற்றுவீர்கள், மழைக்கு முன்னாலா பின்னாலா, இதைச் சொன்னால்தான் கை தூக்குவேன். அவ்வளவுதான் கேள்வி.

மேடையில் இருந்தவர் அவளைப் பார்க்கவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "அப்ப, பழையவர ஆதரிக்கிறவங்க எல்லாம் கையத் தூக்குங்க" என்றார். மண்டபம் முழுவதும் கைகள் எழுந்தன. அவளுடைய கை அதற்குள் மூழ்கிப் போயிற்று. பின்னாலிருந்து நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கவில்லை. ரெண்டு பேர் நடந்து வந்து கைகளை எண்ணிக்கொண்டு போனார்கள். அவளுடையதையும் எண்ணினார்கள். எங்கள் தோட்டத் தலைவர் திரும்பி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாருக்கும் சோத்துப் பார்சல் கொடுத்தார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் பார்சலைப் பிரிக்கவே இல்லை. வெளியே மழை பிடித்துவிட்டது.

"ஏன் கைய எறக்கல?" என்று கேட்டேன்.

"தூக்கினது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல. எறக்கியிருந்தா அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்கும்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள், "கேள்வியத்தான் தூக்கினேன். ஓட்டா எண்ணிக்கிட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் காலண்டரைத் தூக்கினேன். வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரு நகத்து அளவுதான். கோட்டை நான் கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிட்டேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்தது. பக்கத்துக் காம்பராக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கேலி எதுவும் செய்யவில்லை.

"தாண்டிருச்சு அண்ணே" என்றாள்.

கோடு யார் சொல்லிப் போட்டது என்று அப்போதுதான் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் குடையை எடுத்தாள். தோட்டத் தலைவர் வீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். பழைய பிள்ளைக் காம்பரா, கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டிடம், சும்மா பூட்டிக் கிடந்தது. கீழே புதிது கட்டியபிறகு அதில் சங்கத்து நாற்காலிகள்தான் கிடந்தன. அதனால் சாவி தலைவரிடம் இருந்தது. அது சமதரையில் நிற்கிறது, பின்னால் மண்மேடு இல்லை.

தலைவர் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். "தேர்தல் முடியட்டும் தங்கச்சி. இப்ப லயத்த விட்டு எறங்கினா பேப்பர்ல போடுவான். நம்ம ஆளுக்குத்தான் கெட்ட பேரு."

என் வீட்டுக்காரி கையை நீட்டினாள். "காலையில நீங்க எண்ணின கைதான் அண்ணே இது. சாவிய இதுல வைங்க."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் பின்னால் நின்ற பக்கத்துக் காம்பராக்காரியைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து வைத்தார்.

இருட்டுவதற்கு முன்னால் மேட்டு லயத்துக் குடும்பங்கள் எல்லாம் இறங்கிவிட்டோம். பிள்ளைக் காம்பராவில் தொட்டில் கட்டுகிற கொக்கிகள் மேலே வரிசையாக இருந்தன. அவற்றில் கயிறு கட்டி, சேலைகளைத் தொங்கவிட்டுக் குடும்பத்துக்கு ஒரு மறைப்பாக்கிக்கொண்டோம். எங்களுக்கும் பக்கத்துக் காம்பராக்காரிக்கும் நடுவில் சேலை போதவில்லை. அந்த இடைவெளியில் என் வீட்டுக்காரி பொன்னாடையைத் தொங்கவிட்டாள். நான் முதல் வேலையாகப் புதுச் சுவர்களை விரலால் தட்டிப் பார்த்தேன்.

இதில் எனக்கு ஒரு சங்கடம். அந்தப் பழைய சுவர் விழவில்லை. மழை விட்டது, வெயில் வந்தது, அது அப்படியே நின்றது. "அண்ணே, ஒங்க செவரு இன்னும் நிக்குது" என்று பக்கத்துக் காம்பராக்காரி தினமும் காலையில் பொன்னாடைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். பெக்டரி விட்டு வருகிற வழியில் நான் ஒவ்வொரு நாளும் ஏறிப்போய்ப் பார்த்தேன். வெடிப்பு புதிதாக முடிகிற இடத்தில் ரெண்டாவது கோடு போட்டேன்.

தேர்தலுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரியும் கூட வந்தாள். ஆளில்லாத காம்பராவில் ஈர மண் வாடை அடித்தது. நான் காலண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"நாளைக்கு யாருக்குப் போடப் போறீங்க? அந்த ஆளு சொன்னது ஒண்ணு சரியாப் போச்சே."

"சரியாத்தான் சொன்னாரு. வீடு தாறேன்னு சொல்லலையே."

"தாறேன்னு சொன்னவங்க தந்தாங்களா?"

நான் காலண்டரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். ரெண்டாவது கோட்டையும் வெடிப்பு தொட்டுக்கொண்டு நின்றது. தாண்டிவிட்டதா இல்லையா என்று எனக்கு நிச்சயமில்லை. அவளைக் கிட்ட வந்து பார்க்கச் சொன்னேன். அவள் முந்தானையால் சுவரைத் துடைத்துவிட்டு, குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"பென்சிலக் குடுங்க" என்றாள்.