மாப்பிள்ளையின் வெள்ளி மோதிரம்

மஸாஹிர் ஹாஜியார் வீட்டு விறாந்தையில் அன்றைக்குப் பன்னிரண்டு கதிரைகள் கிடந்தன. நிமிர்ந்து பார்க்க முடியாமல் கதிரைக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் எண்ணிக்கை எனக்கு நன்றாக ஞாபகம். அதில் ஏழு காலி. ஹுனைஸுக்கு ஒன்றை இழுத்துப் போட அங்கே ஒரு மனிதனுக்கு மனம் வரவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தவர்கள் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அவனை நிற்க வைத்தே கதைத்தார்கள். எட்டு வருசமாகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபத்தில் பாதி அவர்கள் மேல். மற்றப் பாதி யார் மேல் என்பதை இதை வாசித்து முடிக்கிறவர் தெரிந்துகொள்வார். எனக்கு அன்றைக்குக் கதிரை கிடைத்தது.

ஹுனைஸ் மன்னாரில் சிலாவத்துறைக்காரன். தொண்ணூறில் சண்டைக் காலத்தில் அங்கிருந்த முஸ்லிம்களை விரட்டியபோது பதினான்கு வயதில் வள்ளம் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியவன். புத்தளத்துக்குப் பக்கத்தில் கரைத்தீவில் தென்னங்கிடுகுக் கொட்டில். பள்ளிக்கூடம் அதோடு சரி. நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் என்னை ஒருவரும் விரட்டவில்லை, நானாக நின்றேன். நான் புத்தளத்தான். ஓட்டோ ஓட்டுகிறேன். இந்த ஊர்க்காரன் என்பதற்கு மேல் எனக்கு ஒரு தகுதியும் இல்லை, அதை வைத்தே இவ்வளவு காலமும் மரியாதையாக இருந்துவிட்டேன்.

முதலில் அவன் உப்பளத்தில் மூட்டை தூக்கினான். வெயில் ஏறினால் அங்கே கண்ணைத் திறக்க முடியாது. மற்றவர்கள் ஏசிக்கொண்டு தூக்குவார்கள். இவன் ஒரு உப்புக் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். "நீ மூட்ட தூக்க வந்தியா, மாணிக்கம் பாக்க வந்தியா?" என்று கங்காணி கேட்டது அவனுக்குக் கனகாலம் பட்டப்பெயராக இருந்தது. மாணிக்கக்காரன். பிறகு ஒரு ஸ்டுடியோவில் அடையாள அட்டைப் படம் வெட்டப் போனான். அங்கேயே கெமரா பழகினான். சண்டை முடிந்து ஊரில் கல்யாணங்கள் பெருத்த நேரம் சொந்தக் கெமராவோடு இறங்கினான். அவனைத் தேடி வந்தவர்கள் மோதிரப் படத்துக்காகத்தான் வந்தார்கள்.

ஒரு வெள்ளைத் தட்டு நிறையக் கல்லுப்பைப் பரப்புவான். மோதிரத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் துடைத்து, விரல் படாமல் வைப்பான். வெயில் உப்பில் விழுந்து மோதிரத்தில் ஏறும்போது பார்க்க வேண்டும். நகைக் கடை விளம்பரத்தில் கூட அப்படி மின்னாது. கல்யாண வீட்டுக்கு அவன் வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. "மோதிரம் கண்ணாடி மாதிரி, மச்சான். பக்கத்தில என்ன நிக்குதோ அதைக் காட்டும். நான் கறுப்புப் போட்டா அதில கறுப்பு விழும்" என்பான். என்னையும் வெள்ளை போட வைத்தான். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவன் நான், சும்மா நிற்பதற்குப் பதில் வெளிச்ச மட்டையையும் பிடிப்பேன்.

அந்த மட்டை அவன் செய்தது. காட்போர்டில் ஒரு பக்கம் வெள்ளித்தாள், மறுபக்கம் தங்கத்தாள். வெயிலை மோதிரத்தின் மேல் திருப்பிவிடுவதற்கு. பெண்ணின் மோதிரம் தங்கம், அதற்குத் தங்கப் பக்கம். மார்க்கத்தில் ஆணுக்குத் தங்கம் கூடாது, ஹராம், எங்கள் மாப்பிள்ளைமார் வெள்ளிதான் போடுவார்கள், அதற்கு வெள்ளிப் பக்கம். இவ்வளவுதான் வேலை. இதற்குப் படிப்பு தேவையில்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கில் மஸாஹிர் ஹாஜியாரின் மூத்த மகன் அன்ஸாருக்குக் கல்யாணம். ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெரிய ஆள். இளந்தாரிகள் தங்கச் சங்கிலி போடுகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எழும்பி நின்று கத்துகிற மனிதர். என் உம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா.

வலீமா விருந்து பகலில். ஹுனைஸ் முற்றத்தில் தட்டை வைத்து, முதலில் மணமகளின் மோதிரத்தை எடுத்தான். அடுத்து அன்ஸார் வந்து, மோதிரம் போட்ட கையை உப்பின் மேல் வைத்தான். அதே நேரம் பந்தியில் சஹன் வைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு சஹனுக்கு, ஒரே பெரிய சோற்றுத் தட்டுக்கு, ஆறு பேர். ஐந்து பேர் இருந்தால் மூடியைத் திறக்க மாட்டார்கள். எங்கள் சஹனில் ஆறாவது ஆள் நான்.

"ஜப்பாரு, வாவேன்டா" என்று அபூசாலி நானா பந்தலுக்குள் இருந்து கூப்பிட்டார். "ஒன்னால அஞ்சி பேர் பட்டினி. அந்த மட்டய பிடிச்சா அவன் கோழித் தொட தருவானா?"

பந்தல் சிரித்தது. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மட்டையைத் திருப்பு, மச்சான்" என்றான் ஹுனைஸ்.

"திருப்பிட்டன், திருப்பிட்டன்."

நான் திருப்பவில்லை. திருப்பினேனா என்று பார்க்கவும் இல்லை.

அவன் கெமராத் திரைக்கு மேல் கையால் வெயிலை மறைத்துப் பிடித்து, அப்படியும் படம் தெரியாமல் கண்ணைச் சுருக்கினான். "கொஞ்சம் மஞ்சள் அடிக்குதே?"

"வெயில்தான். எடு, எடு."

எடுத்தான். நான் மட்டையைச் சுவரில் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தார்கள். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

அன்ஸார் நாலாம் நாள் கத்தாருக்குப் பறக்க வேண்டும். அதற்குள் ஆல்பம் வேண்டும் என்று வீட்டார் கழுத்தைப் பிடித்தார்கள். ஹுனைஸ் அடுத்த கல்யாணத்துக்கு ஓடுகிற ஓட்டத்தில் படங்களைச் சரியாகப் பார்க்காமலே சிலாபத்தில் ஆல்பம் அடிக்கிற இடத்துக்குக் கொடுத்துவிட்டான். அந்தக் கைப் படம்தான் எல்லாவற்றிலும் அழகு என்று அங்கே பெரிதாக அடித்துச் சட்டமும் போட்டார்கள். ஹாஜியார் வீட்டு ஹோலில் மாட்டினார்கள். உப்பெல்லாம் வைரம் மாதிரி. நடுவில் மாப்பிள்ளையின் விரலில் மின்னுகிறது, தங்கம்.

வீட்டார் ஒருவருக்கும் உறைக்கவில்லை, அது வெள்ளி என்று அவர்களுக்குத் தெரியுமே. வந்தவர்களுக்குத்தான் உறைத்தது.

"மகனுக்கு எத்தன பவுண், ஹாஜியார்?"

"வெள்ளி அது."

"ஓம், ஓம். படத்துலயும் வெள்ளிதான் தெரியிது."

மோதிரத்தைக் காட்டி வாயை மூடலாம் என்றால் அது கத்தாரில் அன்ஸாரின் விரலில் இருக்கிறது. பள்ளிக்குள் இளந்தாரிகள் ஹாஜியாரைக் கண்டால் விரலைத் தடவிக்காட்டத் தொடங்கினார்கள். மனிதருக்கு வெறி பிடித்தது. ஹுனைஸுக்கு ஆள் அனுப்பினார். அந்த விறாந்தைக்கு அவனை என் ஓட்டோவில் நான்தான் கூட்டிப் போனேன்.

"கொம்பியூட்டர்ல நெறத்த மாத்தினியா இல்லயா? செல்லு."

"இல்ல ஹாஜியார். தங்கத்தாள் வெளிச்சம் பட்டிருக்கு. பாத்து எடுத்திருக்கணும். என்ட பிழை."

"இத்தன வருசமா செய்யிற வேலைல தெரியாம பட்டிச்சோ?"

பக்கத்தில் இருந்த ஒருவன், அவன் பெயரை எழுத என் பேனைக்கு விருப்பமில்லை, "அகதிக்கு இருக்க எடம் குடுத்தா நம்மட மானத்துலயே கை வெக்கிறான்" என்றான். இருபத்துநாலு வருசம் இதே மண்ணில் தண்ணி குடித்தவன் அன்றைக்கும் அகதி. ஒருவரும் அந்தாளை அடக்கவில்லை.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "மருமகன், நீயும் அங்க நிண்டதுதானே. இவன் என்ன செஞ்ச?"

"அந்த நேரம் நான் சஹனுக்குப் பெய்ட்டன், மாமா."

ஹுனைஸ் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஹாஜியாரைப் பார்த்து, "என்ட பிழைதான்" என்று இன்னொரு முறை சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கே செய்தி போய்விட்டது: ஹாஜியாரை அவமானப்படுத்த அந்த மாணிக்கக்காரன் வேண்டுமென்றே செய்தான், அவனை நம்பக் கூடாது. கல்யாணங்கள் நின்றன. ஹுனைஸ் இறால் பண்ணைக்கு வேலைக்குப் போனான். கெமராவுக்குள் பூஞ்சணம் பிடித்தது. அவன் பிறகும் என் ஓட்டோவில் ஏறினான், சலாம் சொன்னான், வீட்டில் சுகமா என்று கேட்டான். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட எனக்கு அவன் தரவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டோ நிற்கும் இடத்துக்கு வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தான். எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை.

"என்ட மகள் ஸும்ராக்கு எத்தாளையில ஒரு கல்யாண இடம் பொருந்தி வந்துச்சு. அவளுக்கும் விருப்பம். அவங்க ஹாஜியார்ட விசாரிச்சிருக்காங்க."

"அந்தாள் என்ன செல்லிச்சி?"

"தகப்பன் நம்பக்கூடிய ஆள் இல்ல எண்டு. நாளைக்கு முடிவு சொல்லுவாங்களாம்."

நான் தொடங்கினேன். ஹாஜியாரின் தாடி, தொப்பி, அந்தப் பன்னிரண்டு கதிரை, ஒன்றையும் விடாமல் ஏசினேன். பக்கத்து ஓட்டோக்காரன் எட்டிப் பார்த்தான். ஹுனைஸ் பொறுத்திருந்தான்.

"முடிஞ்சுதா?"

"நான் இப்பவே போய் நாலு கேள்வி கேட்டுட்டு வாறன்."

"கேள்வி வேணாம். மட்டையில எந்தப் பக்கத்தைப் பிடிச்சாய் எண்டு சொல்லு."

"ஒனக்குத் தெரியுமா?"

"படத்தைப் பிறகு பெரிசாக்கிப் பாத்தன். மோதிரத்துக்குள்ள நீ நிக்கிறாய், மச்சான். இம்புட்டுத்தான், ஒரு அரிசி அளவு. தங்கப் பக்கத்தை இங்கால பிடிச்சுக்கொண்டு, முகத்தை அங்கால திருப்பி பந்தியைப் பாக்கிறாய்."

"அப்ப ஏன் அண்டைக்கே செல்லல்ல?"

"நீ சொல்லுவாய் எண்டு நிண்டன்."

நான் ஓட்டோவின் கண்ணாடியைப் பார்த்தேன். அதற்குள் அவனுடைய சட்டை மட்டும் தெரிந்தது. அவன் இறங்கி, பின்னால் சுற்றி வந்து, என் பக்கம் குனிந்தான்.

"அஸருக்குப் பிறகு போ. ஆக்கள் எல்லாரும் விறாந்தையில இருக்கிற நேரம். உனக்குக் கதிரை தருவாங்க. அதில இருக்காதே. நிண்டு சொல்லு."