ஒரு சாண் இடப்பக்கம்

ராயபுரத்து இன்னாசிக்குப் பெருமைகள் இரண்டு. துறைமுகத்தில் பதினாலு வருஷமாகச் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறார் என்பது ஒன்று. வில்லால் மீன் அடிப்பார் என்பது இன்னொன்று. வலை, தூண்டில் என்று எத்தனையோ நல்ல வழி இருக்க, மனுஷன் வில்லோடு எண்ணூர் உப்பங்கழிக்குப் போய் முழங்கால் தண்ணீரில் நிற்பார். பெரும்பாலும் நின்றுவிட்டுத்தான் வருவார்.

அம்பு ஒன்றே ஒன்று. அவரே சீவிய மூங்கில், நுனியில் இரும்பு முள், வாலில் நூல். நடுவில் வளைந்திருந்ததால் எப்போதும் வலப்பக்கம் இழுக்கும். அதனால் மீனுக்கு ஒரு சாண் இடப்பக்கம் குறிவைத்தே பழகிவிட்டார்.

அறுபத்தெட்டாம் வருஷம் சாம்பல் புதனன்று வாய் சும்மா இருக்கவில்லை. கறி ஆகாத தவக்காலத்து வெள்ளி ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு மீன் தன் பொறுப்பு என்று கோயில் வாசலில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். நாலு வெள்ளி போனது. நாலு வெள்ளியும் முருங்கைக்கீரை. மனைவி வியாகுலம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“இந்த வெள்ளியும் வெறுங்கையோட வந்தே, அந்த வில்லு எனக்குக் கொடிக்கம்பு. பொடவை காயப்போட்ருவேன்.”

சொன்னால் செய்கிறவள் அவள்.

புதன்கிழமை மச்சினன் வால்டர், கப்பல் அதிகாரி ஒருவர் கொடுத்த அலுமினிய அம்போடு வந்தான்.

“கோணவே கோணாது மாமா. உன் மூங்கிலைத் தூக்கி அடுப்புல போடு.”

இரண்டு நாள் இன்னாசிக்கு வேறு சிந்தனையே இல்லை. இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் தரையில் உருட்டினார். அலுமினியம் நேரே போய்ச் சுவரில் இடித்தது. மூங்கில் தத்தித் தத்தி அரைவட்டம் அடித்து அவர் காலடிக்கே திரும்பி வந்தது. அவருக்கே வெட்கமாகிவிட்டது. மூங்கிலை அடுப்போரம் விறகோடு போட்டார். போடும்போது நெஞ்சு கொஞ்சம் வலித்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாட்சிக்கு வியாகுலம்மாளும் துணிப்பையோடு பஸ் ஏறினாள். கழியில் மடவை மீன் மேலாக மேய்ந்துகொண்டிருந்தது. இன்னாசி அலுமினிய அம்பைப் பூட்டி நாணை இழுத்து விட்டார். அம்பு மீனுக்கு ஒரு சாண் இடப்பக்கம் இறங்கியது. நூலைச் சுருட்டி மறுபடி விட்டார். அதே ஒரு சாண். மூன்றாம் தடவை நேராகவே குறிவைத்தார். விடும் நேரத்தில் மணிக்கட்டு தானாக இடப்பக்கம் திரும்பிக்கொண்டது.

“அம்பு சரியில்ல” என்றார்.

“அம்பு நீ காட்டுன எடத்துக்குத்தான்யா போச்சு” என்றாள் கரையிலிருந்து. “நீதான் மீனைக் காட்டாம பக்கத்து வூட்டைக் காட்டிக்கினு கீறே.”

தண்ணீர் ஏறத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மீன் ஆழத்துக்குப் போய்விடும். வில்லில் தொங்கும் புடவை அவர் கண்ணுக்குத் தெரிந்தது, பச்சைக் கரை உட்பட.

வியாகுலம்மாள் துணிப்பையில் கைவிட்டு மூங்கில் அம்பை எடுத்து நீட்டினாள்.

“இது ஏது?”

“அடுப்புல வெச்சேன். ஈரம். எரியல.”

பங்குனி வெயிலில் எந்த விறகு ஈரமாக இருக்கும்? இன்னாசி வாங்கிக்கொண்டார். ஒரு சாண் இடப்பக்கம் குறிவைத்து விட்டார். அம்பு தன் பழைய புத்தியைக் காட்டி வலப்பக்கம் இழுத்து மடவையில் தைத்தது. உள்ளங்கை அளவு மீன். திமிங்கிலத்தை இழுப்பவர் போல நூலை இழுத்தார். கண் கலங்கியதற்கு உப்புத் தண்ணீரைக் காரணம் சொன்னார்.

மறுநாள் வால்டர் வந்தபோது அலுமினிய அம்பு ஜன்னலோரம் கயிற்றில் தொங்கியது. அதில் வியாகுலம்மாளின் ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. வில் தன் ஆணியிலேயே இருந்தது.

“இன்னாக்கா இது? கப்பல் சாமான்!”

“நல்ல நேரான கம்புடா, துணி போடத் தோதா கீது” என்றாள் வியாகுலம்மாள். “எங்க வூட்டாளுக்குக் கோணல்தான் ஒத்து வரும். அத்தோடதான் நானும் இத்தினி வருசமா குடித்தனம் பண்ணிக்கினு கீறேன்.”